ஏழாவது மைலில் நின்ற வண்டி

மாப்ள,

நேற்று சாயங்காலம் காளவாசல் முனையில் ஒரு பாங்கி குமாஸ்தா தன் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி காய்கறிப் பையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். பதினைந்து உதையாவது உதைத்திருப்பார். பெட்ரோல் வழிந்து, சூடான தார் ரோட்டில் சொட்டி, வாடை கிளம்பியது. கீரை வாங்கப் போன நான் கீரைக்கட்டைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன். உன்னிடம் ஏதோ சொல்லியிருக்கிறேன், அதுவும் வாய்விட்டு. கீரைக்காரி, "யாரைக் கூப்புடுறீக ஐயா?" என்று கேட்டாள். "யாருமில்ல தாயி" என்றேன். உன்னை யாருமில்லை என்று சொல்லிவிட்டு வந்தது மனதுக்கு ஒப்பவில்லை. அதனால் காலையில் காப்பி குடித்த கையோடு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னைப் பற்றி நல்லதாக நாலு பக்கம் எழுதுவது எனக்குச் சிரமமே இல்லை. இடையில் என்னைப் பற்றியும் ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. இத்தனை நாள் பேனாவை எடுக்காமல் இருந்தது அதற்காகத்தான்.

யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு நாம் இருவரும் ஒரே பஸ் கம்பெனியில் இருந்தோம். நீ ஷெட் மெக்கானிக், நான் செக்கிங் இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மேற்கே சோழவந்தான் பாதையிலும் தெற்கே அவனியாபுரம் பாதையிலும் ஓடும் நம் பஸ்களை வழியில் மறித்து, டிக்கெட் இல்லாமல் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்து, கண்டக்டர்களின் சாபத்தை வாங்கிக்கொள்வதுதான் வேலை. அதற்காக முதலாளி எனக்கு ஒரு மோட்டார் சைக்கிள் கொடுத்திருந்தார்.

அந்த வண்டியை மறக்க முடியுமா? மலைமேல் காபித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது முதலாளியின் தலையில் கட்டிவிட்டுப் போனது. சோதனைப் பந்தயத்துக்கென்றே செய்த வண்டி. அந்தப் பந்தயத்தில் வேகம் முக்கியமில்லை. கல், சேறு, மணல், மேடு எல்லாவற்றிலும் எஞ்சின் நிற்காமல், கால் தரையில் ஊன்றாமல் போய்வர வேண்டும். அதற்காக வண்டியின் வயிற்றை உயர்த்தி, புகைக்குழாயைத் தண்ணீர் புகாதபடி இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைத்திருந்தார்கள். அந்தக் குழாய் என் வலது காலில் போட்ட சூடு இன்னும் தழும்பாக இருக்கிறது. ஒற்றைச் சிலிண்டர். ஓடும்போது ஒவ்வொரு அடியையும் எண்ணிவிடலாம் போல நிதானமாக டுப் டுப் என்று அடிக்கும். ஊரில் எல்லோரும் அதைக் கோவேறு கழுதை என்றார்கள். நீ மட்டும், "கழுதைக்கு இம்புட்டுப் பொறுமை ஏது?" என்பாய்.

ஒரு ஆவணி மழையில் நனைந்து அதன் மேக்னட்டு செத்துப்போனது. பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற அந்தச் சின்னப் பெட்டியை மெட்ராசுக்கு அனுப்பினால் இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். நீயே பிரித்தாய். தலைமுடி போன்ற கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று உன் கையாலேயே சுற்றினாய். நாலு நாள் யாரையும் பக்கத்தில் பேச விடவில்லை. பேசினால் எண்ணிக்கை தப்பிவிடும். தொழுகைக்குப் போகிற நேரம் வந்தால் எத்தனையாவது சுற்று என்று சுண்ணாம்புக் கட்டியால் ஷெட் சுவரில் எழுதிவிட்டுப் போவாய். ஐந்தாம் நாள் நான் மூன்றாவது உதை உதைப்பதற்குள் வண்டி கிளம்பியது. "மெட்ராஸ்ல சுத்துனா மட்டும் கம்பி மாறவா போகுது?" என்று சொல்லிக்கொண்டே கையைத் துடைத்தாயே, அந்த அலட்டலில்லாத பெருமையை நான் வேறு எவரிடமும் பார்த்ததில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வண்டியை மாப்பிள்ளை மாதிரி அலங்கரித்தேன். மாலை போட்டு, பெட்ரோல் டாங்க் மூடியின் மேல் சந்தனத்தைக் குழைத்துப் பெரிதாகப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் இட்டேன். பூஜையோடு நிற்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் குளித்துவிட்டு வந்து அந்தப் பொட்டைப் புதுப்பித்தேன். என் பிழைப்பே அந்த வண்டியில்தான் என்று எனக்குக் கொஞ்சம் பக்தி கூடிப்போயிருந்தது.

ஐப்பசியில் வண்டி நிற்க ஆரம்பித்தது. நன்றாகத்தான் கிளம்பும். நாலு மைல், ஐந்து மைல், சில நாள் ஏழு மைல் வரை குறையில்லாமல் ஓடும். பிறகு இரண்டு முறை இருமி, நடு ரோட்டில் உயிரை விட்டுவிடும். கால் மணி நேரம் கழித்து உதைத்தால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். என்னைத் தாண்டிப் போகிற பஸ்களிலிருந்து கண்டக்டர்கள் கை ஆட்டுவார்கள். அவர்களுக்கு அதைவிடத் திருநாள் ஏது?

ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தால் உன் எதிரில் நிற்காது. அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிடுவாய். ஓடிக்கொண்டே இருக்கும். ஒருநாள் என்னைப் பிடித்து உட்கார வைத்தாய்.

"நின்னதும் என்ன செய்யுற? ஒண்ணு விடாமச் சொல்லு."

"டாங்கைத் திறந்து பெட்ரோல் இருக்கான்னு பார்ப்பேன். பிளக்கைக் கழட்டித் தொடைப்பேன். கார்பரேட்டரை ரெண்டு தட்டுத் தட்டுவேன். ஒரு பீடி குடிப்பேன். அழகர மனசுல நினைச்சுக்கிட்டு ஒதைப்பேன்."

"அஞ்சையும் ஒண்ணாச் செஞ்சா எதுனால கிளம்புச்சுன்னு எப்பிடித் தெரியும்?"

"அழகருனாலதான்" என்றேன். நீ சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து ஷெட் சுவரில் ஒரு பட்டியல் தொடங்கினாய். எத்தனையாவது மைலில் நின்றது, டாங்க் எவ்வளவு நிறைந்திருந்தது, வெயிலா பனியா என்று நான் வந்து சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாய். எனக்கு அது வீண்வேலையாகப்பட்டது. வண்டியைப் பிரித்துப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மெக்கானிக்கை நான் கேள்விப்பட்டதே இல்லை.

மார்கழியில் வினை வந்தது. மோட்டார் வைத்திருந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் சேர்ந்து, தை மாதம் ஒரு சோதனைப் பந்தயம் நடத்துவதென்று முடிவு செய்தார்கள். காளவாசலில் கிளம்பி, சோழவந்தான் போய், வைகை மணலில் இறங்கி ஏறித் திரும்ப வேண்டும். முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, புது பஸ் ஒன்றைப் பூட்டிக் கொடுக்க மெட்ராசிலிருந்து ஒரு போர்மேன் வந்திருந்தார். அவரிடம் வண்டியைக் காட்டினார்கள். அவர் உட்கார்ந்து பார்க்கக்கூட இல்லை.

"சூடானா நிக்குது, ஆறுனா கிளம்புது. இதுல பார்க்க என்ன இருக்கு? மேக்னட்டு. வீட்டுல சுத்துன மேக்னட்டு இப்படித்தான் இருக்கும்" என்றார்.

சொன்னது தப்பென்று யாரும் சொல்ல முடியாது. மேக்னட்டு கெட்டால் அப்படித்தான் செய்யும். முதலாளி தீர்ப்புச் சொன்னார். பந்தயத்தில் வண்டி நிற்காமல் வந்தால் நீ ஷெட்டில் இருக்கலாம். நின்றால் மறுநாள் முதல் ஷெட் அந்தப் போர்மேன் கைக்குப் போகும். உன் வீட்டில் அப்போது ஏழு பேர் சாப்பிட வேண்டும். உன் தங்கைக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தீர்கள். ஊரில் மோட்டார் ஷெட்டுகள் மொத்தமே மூன்றோ நாலோ. மேக்னட்டைக் கெடுத்தவன் என்று பெயர் வாங்கினால் உன்னை எந்த ஷெட்டும் சேர்க்காது.

இப்போது என்னைப் பற்றிய அந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தீர்ப்புச் சொல்வதற்கு முன் முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஏய்யா, நீதான ஓட்டுறது? இவன் சுத்துனதுதான் கோளாறா?"

நான்கு நாள் நீ குனிந்து கம்பி சுற்றியதைப் பார்த்தவன் நான். உன் கை வேலையில் பழுது வராது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் உன்மேல் இல்லை என்றால் ஓட்டுகிறவன் மேல்தானே வந்து விழும்? அந்தப் பயத்தில் என் வாய், "இருக்கலாம்ங்க முதலாளி" என்றது. அவ்வளவுதான் சொன்னேன். அதைச் சொல்லிவிட்டு வெளியே வந்து, உன்னோடு உட்கார்ந்து டீயும் குடித்தேன்.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை விடிந்ததும் நீ வந்து, "கிளம்பு, சோழவந்தான் வரைக்கும் போவோம். ஜும்மாவுக்குள்ள திரும்பிரணும்" என்றாய். பொட்டு வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். நீ பின்னால் உட்கார்ந்துகொண்டாய். பல் கிட்டிக்கும் பனி. ஏழாவது மைலில், கொடிக்கால்களின் வெற்றிலை வாசம் வருகிற இடத்தில், வண்டி வழக்கம்போல இருமி நின்றது. என் கை தானாக மூடிக்குப் போனது. நீ எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"மூடியத் தொடாத."

"பெட்ரோல் இருக்கான்னு..."

"இருக்கு. நாந்தான ஊத்துனேன். கைய எடு."

பிளக்கைக் கழற்றி, வயரோடு எஞ்சின்மேல் வைத்து, என்னை உதைக்கச் சொன்னாய். நீலமாக, தடியாக நெருப்புப் பறந்தது.

"பார்த்துக்க, நான் சுத்துனது" என்றாய். அத்தனை நாளில் நீ உனக்காகப் பேசியது அது ஒன்றுதான்.

பிறகு கார்பரேட்டரின் தலையிலிருந்த சின்னப் பொத்தானை அமுக்கினாய். அமுக்கினால் பெட்ரோல் பொங்கி வழிய வேண்டும். ஒரு சொட்டு வரவில்லை. டாங்கில் பாதிக்குக் குறையாமல் இருக்கிறது, ஒரு முழம் கீழே காய்ந்து கிடக்கிறது. என்னைப் பார்த்தாய்.

"இப்பத் தொற. மெதுவா."

நான் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று டாங்க் காற்றை உள்ளே இழுத்தது. அடுத்த நிமிஷம் கார்பரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டியது.

எனக்கு விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. பெட்ரோல் இறங்கினால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் பெட்ரோல் இறங்காமல் தொங்கி நிற்கும். காற்றுப் போவதற்காக மூடியின் நடுவில் குண்டூசி நுழைகிற அளவு ஒரு ஓட்டை வைத்திருக்கிறார்கள். அந்த ஓட்டையின் மேல்தான் மூன்று மாதமாக வெள்ளிதோறும் நான் சந்தனம் அப்பி, காயவிட்டு, மேலே மறுபடியும் அப்பிக்கொண்டிருந்தேன். வண்டி நின்ற ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து காற்றை விட்டு, நோயை நானே மறைத்திருக்கிறேன். ஷெட்டில் நின்ற இடத்திலேயே ஓடும்போது பெட்ரோல் கொஞ்சமாகத்தான் இறங்கும், அதனால்தான் உன் எதிரில் அது நிற்கவில்லை.

நீ கொடிக்கால் பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாய்: "நாலு நாளாவே சந்தேகம் மாப்ள. செவுத்தப் பார்த்தா டாங்க் நெறஞ்ச அன்னைக்கெல்லாம் சீக்கிரம் நின்னுருக்கு. பாதி இருந்தா ரொம்பத் தூரம் போயிருக்கு. பனியிலயும் நிக்குது. சூடுதான் காரணம்னா மார்கழில ரெண்டு மைல் கூட ஓடணும்ல? அப்பத்தான் மூடி மேல நெனப்பு போச்சு."

"நாலு நாளாவா? ஏன்டா சொல்லல?"

"வெறும் சந்தேகத்துக்கு உன் சாமிப் பொட்டை அழின்னு எப்பிடிச் சொல்ல? அழிச்சபெறகு அது இல்லன்னு ஆச்சுன்னா உன் மொகத்துல எப்பிடி முழிக்க? கண்ணால பார்த்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

"நீயே தொடச்சிருக்கலாம்ல. எனக்கென்ன தெரியவா போகுது?"

"அது நீ வச்சதுடா" என்றாய்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாரத்துக்கு இரண்டு முறை மண்ணெண்ணெய்த் துணியால் அந்த வண்டியின் ஒவ்வொரு ஆணியையும் துடைத்தவன் நீ. மூடிக்கு வரும்போது மட்டும் உன் துணி பொட்டைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு விலகிவிடும். ஊரிலேயே கெட்டிக்கார மெக்கானிக் தேடாமல் விட்ட இடம் அது ஒன்றுதான். எனக்காக விட்டது. உன் வேலை தொங்கிக்கொண்டிருந்த அந்த நாலு நாளும், பெட்ரோல் ஊற்ற மூடியை விளிம்பில் பிடித்துத் திருகியபோதுகூட, உன் விரல் பொட்டின் மேல் படவில்லை. அந்த ரோட்டோரத்தில் எனக்கு அழுகை வந்தது. பனி என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்து என் கையில் கொடுத்தாய். நானே சுரண்டினேன். ஓடு மாதிரிப் பெயர்ந்து வந்தது. கிளம்பும்போது சொன்னாய்: "பொட்டு வைக்கிறத விட்ராத. முன்னாடி லைட்டு மேல வையி. வண்டி மூச்சு விட வழி விடு, அம்புட்டுத்தான்." நாம் திரும்பி வந்தபோது உனக்கு ஜும்மாவுக்கு நேரம் மிச்சமிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் ஜெயிக்கவில்லை. வைகையில் முழங்காலளவு தண்ணீரைத் தாண்டி மணலில் ஏறும்போது பயந்துபோய் ஒரு கால் ஊன்றிவிட்டேன். ஆனால் எஞ்சின் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. காளவாசலில் சூளைப் புகைக்கு நடுவே கூட்டத்தோடு நீ நின்றிருந்தாய். வண்டி முக்குத் திரும்புவதற்கு முன்பே சத்தத்தைக் கேட்டுவிட்டு, "நம்மாளு வாரான்" என்று முதலாளியிடம் சொன்னாயாம்.

போர்மேனும் பக்கத்தில்தான் இருந்தார். முதலாளி எல்லோர் எதிரிலும் உன்னைக் கேட்டார்: "என்னடா கோளாறு?"

உண்மையைச் சொன்னால் என் சீட்டுக் கிழிந்துவிடும். பொட்டு வைத்துப் பஸ் கம்பெனி வண்டியை மூன்று மாதம் படுக்க வைத்தவன் என்று மெட்ராஸ் வரை சிரிப்பார்கள்.

நீ, "மூடியில காத்து ஓட்டை தூசி அடைச்சிருந்துச்சுங்க. நாந்தான் பார்க்காம விட்டுட்டேன். என் தப்புதான்" என்றாய்.

முதலாளி உன் தோளில் தட்டினார். போர்மேன் மீசையைத் தடவிக்கொண்டார். உன் வேலை உனக்கு நிலைத்தது, என் வேலையும்தான். பிற்பாடு யுத்தம் வந்து பெட்ரோல் கிடைக்காமல் அந்த வண்டி மூலையில் நின்றதையும், பஸ்களின் முதுகில் கரியடுப்பு மாட்டி அதன் புகையிலேயே நீ ஊர் ஊராக ஓட வைத்ததையும் எழுதினால் இன்னொரு கடிதம் ஆகும். எந்த வண்டி வந்தாலும் முதலில் காதைக் கொடுத்தாய், பிறகு சுவரில் எழுதினாய், கடைசியில்தான் ஸ்பேனரை எடுத்தாய். உன்னைப் போல ஒரு வேலைக்காரனை நான் பார்த்ததில்லை. உன் எதிரில் இதை ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை.

கடைசியாக உன்னைப் பார்க்க வந்தது ஒரு மத்தியானம். நெஞ்சுச்சளி உன்னைப் பாதியாக்கியிருந்தது. உன் சம்சாரம், நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், எனக்கு டீ கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தேன். "மாப்ள, அன்னைக்கு முதலாளி ரூம்புல என்னயக் கேட்டாரு. உன் மேக்னட்டுதானான்னு. நான்..."

"இருக்கலாம்னு சொன்ன" என்றாய்.

நான் உன்னைப் பார்த்தேன்.

"ஜன்னலுக்குக் கீழதான டயருக்கு ஒட்டுப் போட்டுக்கிட்டு இருந்தேன். கேட்டுச்சு."

இத்தனை வருஷமும் உனக்குத் தெரியும். கொடிக்கால் ஓரத்தில் என் கையில் குச்சியைக் கொடுத்தபோது தெரியும். தூசி என்று சொன்னபோதும் தெரியும்.

"கோவமே வரலையாடா?"

"வராமயா? ரெண்டு நாளு உங்கூடப் பேசலையே." இருமல் அடங்கக் காத்திருந்தாய். உன் கண் சிரித்தது. "நீ கவனிக்கவே இல்ல. நீயாப் பேசிக்கிட்டு, நீயா டீயக் குடிச்சிட்டுப் போயிட்ட. பெறகு எம்புட்டு நேரந்தான் கோவிச்சுக்கிட்டு இருக்க? விட்டுட்டேன்."

இருவரும் சிரித்தோம். உனக்கு இருமல் மீண்டும் கூடியது. தங்கச்சி வந்து உன்னைப் படுக்க வைத்தாள். மன்னிப்புக் கேட்க வந்தவன் அதைக் கேட்காமலே எழுந்து வந்தேன். அடுத்த வாரம் உனக்கு மூன்று பிடி மண் போட்டேன். மாப்ள, என்னை மன்னித்துக்கொள்.

அந்த இரண்டு நாள் எவை என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை. நீ பேசாமல் இருந்தது என் காதில் விழவில்லை. இப்போது நீ பேசி ஒன்பது மாதம் ஆகிறது. ஒரு நாள்கூட விடாமல் கவனிக்கிறேன்.